தலையாட்ட ஒரு முகம்

“இத அவங்க எப்பம்மா சொன்னாங்க?” என்று மேடம் கேட்டபோது நான் பலகையில் பாதி எழுதி முடித்திருந்தேன். மார்க்கர் கையில் இருந்தது. மூடி எங்கே போனது என்று தெரியவில்லை. வகுப்பு மொத்தமும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா அந்த இடம் வரைக்கும் வரவே இல்லை. பாதியிலேயே நின்றுபோனாள். அவள் நடத்தாத பாடத்தை நான் ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

அது காலையில் நடந்தது. இப்போது இரவு. வீடு அடங்கிவிட்டது. எதிர்க் கட்டிலில் அக்கா புரண்டு புரண்டு படுக்கிறாள். நான் போர்வைக்குள் இருந்து இதைச் சொல்கிறேன். யாரிடமாவது சொல்லாமல் விடிந்தால் எனக்குத் தாங்காது. விடிந்தால் நான் அந்த விசாரணை அறைக்குப் போயாக வேண்டும்.

அக்கா எங்கள் கல்லூரியிலேயே புள்ளியியலில் ஆராய்ச்சி செய்கிறாள். நான் அதே கல்லூரியில் முதலாம் ஆண்டு. ஆராய்ச்சி செய்கிறவர்கள் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தாக வேண்டும், அது விதி. ஆனால் பாடம் தெரிந்தால் மட்டும் போதாது, நடத்தவும் தெரிய வேண்டும் என்று ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள். கடைசியில் நிஜமான வகுப்பில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். இரண்டு வாய்ப்புத்தான். இரண்டிலும் தவறினால் வகுப்பும் இல்லை, ஆராய்ச்சி இடமும் இல்லை. மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அக்கா ஏற்கெனவே ஒன்றைக் கோட்டைவிட்டிருந்தாள்.

அந்தப் பயிற்சி எப்படி நடக்கும் என்று அக்கா சொல்லிக் கேட்டால் சிரிப்பு வரும். ஒருத்தர் ஆசிரியராக நிற்பார். மற்ற ஆராய்ச்சி மாணவர்கள் எல்லாரும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். கரைத்துக் குடித்த பாடத்தைத் தெரியாத மாதிரி கேட்க வேண்டும்.

“எங்க கிளாஸ் பிள்ளைங்க மாதிரி தங்கமான பிள்ளைங்க உலகத்துலயே கிடையாதுடி,” என்பாள். “எந்த இடத்துல தப்பா பதில் சொல்லணும்னு முன்னாடியே பேசி வச்சுக்குவோம். ஒருத்தர் கரெக்டா அந்தத் தப்பச் சொல்லுவார். நான் திருத்துவேன். ‘ஓ, இப்பப் புரியுது மிஸ்’னு எல்லாரும் தலையாட்டுவாங்க. அடுத்தது அவங்க முறை. நான் ஆட்டுவேன்.”

“இது பாடமா, மொய்யா?” என்று கேட்டேன்.

“மொய்தான். வச்சத எடுத்துக்கறோம்.”

போன முறை நிஜ வகுப்பில் அக்கா பிள்ளைகளைப் பார்க்கவே இல்லையாம். பலகையைப் பார்த்தே முழுப் பாடத்தையும் நடத்திவிட்டு வந்தாள். பயிற்சித் துறைத் தலைவி ஒரு மேடம் இருக்கிறார். கையில் எப்போதும் ஸ்டாப்வாட்ச். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, ஸ்டாப்வாட்ச் மேடம் என்றால் வாட்ச்மேனுக்கும் தெரியும். அவர் அக்காவைக் கூப்பிட்டு, “சுவருக்கு நல்லாப் புரிஞ்சிருக்கும். அடுத்த தடவை ஒரே ஒரு முகத்தைப் பிடிச்சுக்கங்க. அந்த முகத்துக்குப் புரியுதான்னு பாத்துப் பாத்து நடத்துங்க,” என்றாராம்.

அந்த முகம்தான் நான்.

ஒரு மாதமாக, சாப்பிட்டு முடித்ததும் எங்கள் அறையில் வகுப்பு. பலகை, பீரோக் கண்ணாடி. அக்கா அதில் மார்க்கரால் எழுதி, அம்மா திட்டுவதற்குள் பழைய துணியால் துடைத்துவிடுவாள். நான் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பேன். முதல் நாள் “புரியலக்கா” என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “எது புரியல, எந்த இடம்?” என்று கேட்டாள். எனக்கு எந்த இடம் என்று சொல்லத் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் நான் தலையாட்டினேன். அவள் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. பிறகு அவள் எப்போது பார்த்தாலும் ஆட்டினேன்.

பாடம் சின்னதுதான். ஒரு காசைச் சுண்டுகிறோம். ஐந்து தடவையும் தலையே விழுகிறது. ஆறாவது தடவை என்ன விழும்? எல்லாரும் பூ என்பார்கள், இத்தனை தலை விழுந்ததே, இனி பூவின் முறைதானே என்று. அங்கே அக்கா நிறுத்துவாள். கண்ணாடியை இரண்டு தட்டு தட்டுவாள். “காசுக்கு ஞாபகம் கிடையாது. ஞாபகம் வச்சிருக்கிறது நீங்கதான்,” என்பாள். அந்தத் தட்டு, அந்த இடைவெளி, அந்தச் சின்னச் சிரிப்பு, எல்லாம் எனக்கு அத்துப்படி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

முதலாம் ஆண்டில் மூன்று பிரிவுகள். எந்தப் பிரிவு என்று அன்றைக்குக் காலையில்தான் சொல்வார்கள். இன்று எங்கள் பிரிவு. அக்கா உள்ளே வந்ததும் என்னைப் பார்த்தாள். கல்லூரியில் அக்கா என்று கூப்பிடக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அதனால் நானும் மற்றவர்களோடு எழுந்து “குட் மார்னிங் மிஸ்” என்றேன். என் தங்கச்சி இங்கே இருக்கிறாள் என்று அப்போதே மேடத்திடம் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தோன்றவில்லை. வேறு ஒன்று தோன்றியிருக்கிறது. முகம் கிடைத்துவிட்டது என்று.

நன்றாகத்தான் ஆரம்பித்தாள். பலகையைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்தாள். வகுப்பில் வேறு யாருமே இல்லாத மாதிரி பார்த்தாள். நான் ஆட்டினேன், அவள் அடுத்த வரிக்குப் போனாள். நான் ஆட்டினேன், அவள் போனாள். பக்கத்தில் இருந்தவள் என் தொடையில் கிள்ளி, “ஏய், உனக்குக் கழுத்துல ஸ்பிரிங்கா?” என்றாள்.

“ஆறாவது தடவை என்ன விழும்?” என்று அக்கா கேட்டாள்.

யாரும் பூ என்று சொல்லவில்லை. அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து வக்கீல் எழுந்தான். எல்லாவற்றுக்கும் வாதாடுவான் என்று நாங்கள் வைத்த பெயர் அது.

“தலைதான் மிஸ்.”

“ஏன்?”

“அஞ்சு தடவையும் தலையே விழுந்தா அது கள்ளக்காசு மிஸ். யாரோ ஏமாத்துறாங்க. நான் தலைமேலதான் பந்தயம் கட்டுவேன்.”

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டான். பயிற்சியில் இந்தப் பதிலை யாரும் நடித்துக் காட்டியதில்லை. கட்டிலில் உட்கார்ந்து நானும் கேட்டதில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு இந்த இடம் தெரியாது. ஒத்திகையில் இல்லாத இடத்தில் எப்படி ஆட்டுவது? என் தலை அப்படியே நின்றது.

“அதாவது...” என்றாள். “ஐந்து தடவை தலை விழுந்தால்...” என்று பழைய வரியையே திரும்பச் சொன்னாள். “புரிஞ்சுதா?” என்றாள். மறுபடியும் அதே வரி. மறுபடியும் “புரிஞ்சுதா?” கொஞ்சம் கொஞ்சமாக அவள் உடம்பு திரும்பி, முகம் பலகைப் பக்கம் போய்விட்டது. பின்னால் ஸ்டாப்வாட்சை அமுக்கும் சத்தம் கேட்டது.

நடத்தியவர் வெளியே போன பிறகு மேடம் பிள்ளைகளிடம் நேரில் கேட்பார். அதுதான் கடைசிக் கட்டம். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு போனதும் மேடம் முன்னால் வந்தார்.

“யாருக்குப் புரிஞ்சுது? பயப்படாம கை தூக்குங்க.”

ஒரு கைகூட எழவில்லை. ஒரே ஒரு கை போதும் என்று எனக்குத் தோன்றியது. தூக்கினேன்.

“வாம்மா. வந்து உன் பாணியில சொல்லு பாப்போம்.”

என் பாணி என்று எனக்கு எதுவும் கிடையாது. மார்க்கரை எடுத்து அக்கா எழுதுகிற மாதிரியே எழுத ஆரம்பித்து, பலகையை இரண்டு தட்டு தட்டினேன். நிறுத்தினேன். “காசுக்கு ஞாபகம் கிடையாது,” என்று சொல்லி அந்தச் சின்னச் சிரிப்பையும் சிரித்தேன். அங்கேதான் மேடம் கேட்டார், இதை அவர் எப்போது சொன்னார் என்று.

“இப்பதான் மேடம்.”

“இல்ல மேடம், சொல்லல,” என்றான் வக்கீல். “சொல்லியிருந்தா அப்பவே சண்டை போட்டிருப்பேன்.”

மேடம் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “சரி, அது போகட்டும். ஒரு பை. உள்ள மூணு கறுப்புப் பந்து, ரெண்டு வெள்ளைப் பந்து. ஒரு கறுப்ப எடுத்துட்டோம், திருப்பிப் போடல. அடுத்ததும் கறுப்பு வர்றதுக்கு வாய்ப்பு முன்ன மாதிரியேதானா, மாறுமா?”

“முன்ன மாதிரியேதான் மேடம். பைக்கும் ஞாபகம் கிடையாது.”

வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. “எடுத்த பந்து உன் கையில இருக்கேம்மா,” என்று மெதுவாகச் சொன்னார். “உள்ள ஒண்ணு குறைஞ்சு போச்சே.” என் முகத்தை உற்றுப் பார்த்தார். மூக்கும் நெற்றியும் எங்கள் இருவருக்கும் ஒரே அச்சு. “அவங்க உனக்கு என்ன வேணும்?”

“அக்கா.”

நாளைக் காலையில் விசாரணை. ஆள் வைத்துத் தலையாட்ட வைத்தாள் என்று அக்கா மேல் குற்றம். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். பேருந்தில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடியே யோசித்தேன். அக்கா என்னைக் கை தூக்கச் சொல்லவே இல்லை என்று சொல்லலாம், அது உண்மை. அப்படியானால் சொல்லாத வரி உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். வீட்டில் ஒரு மாதம் எனக்கு இதைத்தான் நடத்தினாள் என்று சொல்ல வேண்டும், அதுவும் உண்மை. ஒரு மாதம் நடத்தியும் பைக் கேள்விக்கு ஏன் அப்படிப் பதில் சொன்னாய் என்பார்கள். அக்காவை ஏமாற்றுக்காரி என்று ஆக்கலாம், நடத்தத் தெரியாதவள் என்று ஆக்கலாம். இரண்டில் எதைச் சொன்னாலும் அவளுக்கு வகுப்பு இல்லை. இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் குழி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அக்காவிடம், “என்னடி, டீச்சரம்மா ஆயிட்டியா?” என்றாள்.

“நாளைக்குத்தான்மா தெரியும்.”

“என்னத்துக்கு நாளைக்கு? கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னியா இல்லையா?”

“பதில்லாம் தெரியும்மா,” என்றாள் அக்கா. கை கழுவப் போய்விட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

சாப்பிட்டதும் அக்கா அறைக்கு வந்து பீரோக் கண்ணாடி முன்னால் நின்றாள். நேற்று எழுதியதை நாங்கள் துடைக்க மறந்திருந்தோம். அதற்கு நடுவில் அவள் முகம் தெரிந்தது. துணியை எடுத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக அழுதிருப்பேன்.

“அந்தப் பையன் கேட்டான் பாரு,” என்றாள் துடைத்துக்கொண்டே. “அதுதான்டி என் ஆராய்ச்சியே. எத்தனை தடவை தலை விழுந்தா காசு மேல சந்தேகப்படலாம்ங்கிறது. நாலு வருஷமா அத மட்டும்தான் படிக்கிறேன்.”

“அப்ப ஏன்க்கா சொல்லல?”

“எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. தெரிஞ்சவங்ககிட்டயே பேசிப் பழகிட்டேன். தெரியாதவன் ஒருத்தன் எந்திரிச்சு நின்னா அவன்கிட்ட எங்கேருந்து போய்ச் சேர்றதுன்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தரலடி.” துணியை மடித்து வைத்தாள். “நீ ஒருத்திதான் தெரியாத ஆளு. நீயும் ஆட்டிட்டே.”

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். நாளைக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்கவில்லை. அதைக் கேட்பாள் என்றுதான் பதிலைத் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

இப்போது புரள்வது நின்றுவிட்டது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். இல்லை.

“ஏய், முழிச்சிருக்கியா?”

“ம்.”

“திட்டமாட்டேன். நிஜத்தச் சொல்லு. இத்தன நாள்ல, ஒரே ஒரு தடவையாவது புரிஞ்சு ஆட்டினியா?”

இருட்டில் தலையாட்டினால் அவளுக்குத் தெரியாது. வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டும். ஆமாம் என்றால், ஒருவருக்காவது புரிய வைக்கத் தன்னால் முடிந்தது என்று நாளைக்கு அந்த அறைக்குள் நிமிர்ந்து போவாள். அங்கே அவர்கள் மறுபடியும் என்னிடம் பையைப் பற்றிக் கேட்பார்கள். இல்லை என்றால், இங்கேயே, இந்தக் கட்டிலிலேயே எல்லாம் முடிந்தது. அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?