இடது பக்கத்துச் சிவப்புப் புள்ளி

என் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி முன் சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக், பிரேக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மெல்ல விசிலடித்தார்.

“டாக்டரம்மா, இதுல பிரேக் பேடே இல்ல. வெறும் தகடு டிஸ்க்கைச் சுரண்டிட்டிருக்கு. இதோட எங்க கிளம்பினீங்க?”

நான் டாக்டர் இல்லை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறேன். எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் டாக்டரம்மாதான்.

“நாளைக்கு மலைக்கு. அக்காவோட.”

“நல்லவேளை வந்தீங்க. கீழ இறங்கப்போறோம்னு கிளம்பி ஒரேயடியா மேல போயிருப்பீங்க.”

“அண்ணா, அது புது பேட். நானே மாட்டினேன். ரெண்டு தடவை ஓட்டினதுக்குள்ள மணிக்கட்டு உடைஞ்சுபோச்சு. மூணு மாசமா சைக்கிள் சுவத்துலதான் தொங்குது.”

“அப்ப கனவுல ஓட்டியிருப்பீங்க.”

ஒரு விதத்தில் அது உண்மைதான். கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்த நாட்களில் அந்த மலைப்பாதையை நான் கண்ணை மூடிக்கொண்டு எத்தனையோ முறை இறங்கியிருக்கிறேன். பதினொரு வளைவுகள். எனக்கு முன்னால் எப்போதும் அக்காவின் பின் சக்கரம். “நீ இல்லாம அந்த மலைப்பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்டீ நத்தை,” என்று சொல்லியபடி அவள்தான் எனக்குத் தலை வாரிவிட்டாள். நான் பிரேக்கை அதிகம் பிடிப்பதால் நத்தை. அந்தப் பெயர்கூட எனக்குப் பிடித்திருந்தது.

மெக்கானிக் இரண்டு பேடுகளையும் என் உள்ளங்கையில் வைத்தார். பாதி பிஸ்கட் அளவுகூட இல்லை. திருப்பிப் பார்த்தேன். பொய்ப்பல் செய்யும் இடத்தில் இடது பக்கத்து அச்சுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைப்போம். இல்லையென்றால் யாரோ ஒருவருக்கு வாய் கோணிவிடும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. இடது செருப்பு, இடது காதுக்கான இயர்போன் எல்லாவற்றிலும் என் நகப்பூச்சுப் புள்ளி இருக்கும். இடது பேடின் முதுகிலும் வைத்திருந்தேன்.

கறுப்புத் தூசியை நகத்தால் சுரண்டினேன். துணியால் துடைத்தேன். இரண்டிலும் புள்ளி இல்லை. பின் சக்கரத்தையும் கழற்றச் சொன்னேன். அதிலும் இல்லை.

இதே வடிவப் பேடு போகும் சைக்கிள் எங்கள் வீட்டில் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. அவளுடையது நீலம், என்னுடையது சாம்பல்.

“எது போடட்டும்?” மெக்கானிக் இரண்டு பாக்கெட்டை மேசையில் வைத்தார். “இது ரெசின். சத்தமே வராது, பதமா பிடிக்கும். ஆனா மலையில சூடானா சீக்கிரம் தேஞ்சிடும். இது உலோகம் கலந்தது. மழையில கத்தும், ஊரைக் கூட்டும். ஆனா கைவிடாது.”

“கைவிடாததே போடுங்க.”

“டிஸ்க் தாங்குமான்னு பாத்துக்கிறேன். சிலதுல ரெசின் மட்டும்தான் போடணும்னு அடிச்சிருப்பான்.” குனிந்து படித்தார். “உங்களுது தாங்கும். அக்காவுக்கும் ஒரு செட் எடுத்து வைக்கவா?”

எப்போதும் நான் இரண்டாகத்தான் வாங்குவேன். அது அவருக்கும் தெரியும்.

“வேண்டாம்,” என்றேன்.

சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு வந்தபோது வீட்டில் அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். வாஷிங்மெஷின் பக்கத்தில் சாய்ந்திருந்த நீலச் சைக்கிளுக்கு முன்னால் மண்டியிட்டு, போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். பேடில் பாதி தேய்ந்திருந்தது. அதன் முதுகில் என் சிவப்புப் புள்ளி இருந்தது. வலது பக்கத்தில். எதற்கு அந்தப் புள்ளி என்றுகூட அவள் யோசிக்கவில்லை.

தலையில் துண்டோடு வந்த அக்கா அங்கேயே நின்றுவிட்டாள்.

“என்னடீ பண்ற அங்க?”

“என் பேடைப் பாத்துட்டிருக்கேன்.”

கொஞ்ச நேரம் துண்டால் காதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “நீதான் ஓட்டலையே. சும்மா தொங்கிட்டிருந்துச்சு. ஆபீஸ்ல எல்லாரும் கூப்பிட்டாங்க, என்னுது தேஞ்சிருந்துச்சு, கடையும் அன்னைக்கு லீவு. திருப்பி மாட்டிடலாம்னுதான் எடுத்தேன்.”

“எங்க கூப்பிட்டாங்க?”

அவள் துண்டை அவிழ்த்து உதறினாள்.

“எத்தனை தடவை மலைக்குப் போன?”

“நாலு... அஞ்சு இருக்கும். சொன்னா நீ அழுவேன்னு சொல்லல.”

“தேஞ்சுபோனதை என் சைக்கிள்ல மாட்டிட்டு, நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன.”

“ராத்திரிக்குள்ள மாத்திடலாம்னு இருந்தேன்டீ. சத்தியமா. அதோட, நீ என்ன வேகமாவா போகப்போற? நத்தை மாதிரிதானே...” சொல்லிக்கொண்டே வந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ராத்திரிக்குள் மாற்றியிருப்பாள். அல்லது மறந்திருப்பாள். இரண்டில் எது நடந்தாலும் நான் அவள் பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கியிருப்பேன்.

சாயங்காலம் கடையிலிருந்து சைக்கிளை எடுத்து வந்தேன். புது பேட் எடுத்த எடுப்பில் பிடிக்காது, பழக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். வேகமாக வந்து, மெதுவாக அழுத்தி, முழுதாக நிற்பதற்குள் விட்டுவிட வேண்டும். இருபது முறை. எங்கள் தெருவிலேயே ஆரம்பித்தேன்.

மூன்றாவது முறை வரும்போது அக்கா வாசலுக்கு வந்து நின்றாள். ஒவ்வொரு முறையும் அவள் நின்ற இடத்துக்கு நேராகத்தான் பிரேக் பிடித்தேன். அது கிரீச்சென்று கத்தியது. அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். பிறகு தானாகவே எண்ண ஆரம்பித்தாள்.

“பதினேழு... பதினெட்டு... உன் பேடை இப்பவே கழட்டித் தந்துடறேன், போதுமா? பத்தொன்பது! நாளைக்கு வழக்கம்போல நான் முன்னாடி போறேன், நீ என் பின்னாடியே...”

தெரு முனைக்குப் போய்த் திரும்பினேன். முடிந்த வரை வேகமாக மிதித்தேன். இருபதைச் சொல்ல அக்கா வாயைத் திறந்துவிட்டாள். நான் நிற்பேன் என்று ஓரடி முன்னாலும் வந்தாள்.

அவளுக்கு நேராக நான் பிரேக்கைத் தொடவில்லை. அடுத்த முனையில் பிடித்தேன். தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தியது. பிடித்தது.

மலைக்குப் போகும் சாலை அந்த முனையில்தான் பிரிகிறது. நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று இனி நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.