பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

எங்கள் பிரிவின் வேலை பதில் எழுதுவது. அவையில் உறுப்பினர்கள் போக்குவரத்து அமைச்சரிடம் கேட்கும் கேள்விகள் முதலில் எங்கள் மேசைக்குத்தான் வரும். நாங்கள் எழுதிக் கொடுப்பதை அமைச்சர் எழுந்து நின்று வாசிப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பதில் எழுதுவது என்றால் கேட்டதற்குப் பதில் சொல்வது என்று நினைத்திருந்தேன். பிரிவுத் தலைவர்தான் அந்த எண்ணத்தை மெல்லத் திருத்தினார்.

அவருக்கு அலுவலகத்தில் ‘பரிசீலனை சார்’ என்று பெயர். எவ்வளவு நீளமான கேள்வி வந்தாலும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மடித்து வைத்துவிடுவார். அது பொருந்தாவிட்டால் ‘ஆவன செய்யப்படும்’. அதுவும் பொருந்தாவிட்டால் ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது’. ஒருமுறை, கேன்டீனுக்குப் போகலாமா சார் என்று கேட்டேன். ‘நிதிநிலைக்கு ஏற்ப’ என்றார். கேலியாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அன்று வந்த கேள்வி சின்னது. கிழக்கு ரயில் நிலைய நடைமேம்பாலத்தின் மின்தூக்கி இயங்காமல் இருப்பதை அமைச்சர் அறிவாரா? அறிவார் எனில், காரணம் என்ன? எப்போது இயங்கும்? பரிசீலனை சார் டீ ஆறுவதற்குள் பதிலை முடித்துவிட்டார். முதலாவதற்கு ‘ஆம்’. மற்ற இரண்டுக்கும் சேர்த்து ‘பரிசீலனையில் உள்ளது’.

நான் கேள்வியை மறுபடி வாசித்தேன். அது என் அக்கா ஏறும் லிஃப்ட்.

அக்கா ஊன்றுகோல் வைத்து நடப்பவள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். அவள் துணியை வெட்டிப் போட்டால்தான் மற்றவர்கள் தைக்க முடியும். அந்தப் பக்கம் இறங்கச் சாய்தளம் உண்டு. இந்தப் பக்கம் ஏற, அவளுக்கு லிஃப்டை விட்டால் வேறு வழியில்லை. லிஃப்ட் நின்றதிலிருந்து இரண்டு பேருந்து மாறி ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறாள். தினமும் தாமதம். தையல் மிஷின்கள் சும்மா நிற்க, முதலாளி வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார். கடைசியில் அவர் ஒரு கெடு வைத்துவிட்டார். இந்த மாதம் முடிகிற வரை பார்ப்பாராம். அதற்குப் பிறகு வேறு மாஸ்டரைப் போட்டுக்கொண்டு, அக்காவுக்கு வீட்டிலேயே உட்கார்ந்து பட்டன் தைக்கிற வேலை தருவாராம்.

“சிங்கத்தக் கூப்பிட்டு எலி புடிக்கச் சொல்ற மாதிரி இருக்கு” என்றாள் அக்கா. அதன் பிறகு இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. அவள் பேசாமலிருந்தால் எங்கள் வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்கும். அப்போதுதான் அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

ஆகவே பரிசீலனை சாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சொந்த அக்கா சம்பந்தப்பட்ட கேள்வியில் நான் கைவைக்கலாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, முக்கியமான பதில நான் எழுதியாச்சு. நீ எழுதப்போறது துணைக் கேள்வித் தாள். அத யாரும் கேக்கப் போறதில்ல. கேக்காத கேள்வில என்னம்மா அக்கா, தங்கச்சி?”

அமைச்சர் பதிலை வாசித்த பிறகு, கேட்ட உறுப்பினர் எழுந்து மேற்கொண்டு கேட்கலாம். அதுதான் துணைக் கேள்வி. என்னவெல்லாம் கேட்கக்கூடும் என்று நாங்களே யோசித்து, பதிலோடு எழுதி அமைச்சரிடம் கொடுத்துவிட வேண்டும். முந்தைய அமைச்சர் அந்தத் தாளைத் திறந்ததே இல்லை. அதன் மேல் டம்ளர் வைப்பாராம். இப்போதைய அமைச்சர் அப்படியில்லை. பதவியேற்ற புதிதில் ஒரு துணைக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அவர் தாள்களைப் புரட்டிக்கொண்டே இருக்க, “அமைச்சர் தேடுவது பதிலையா, கண்ணாடியையா?” என்று சபாநாயகர் கேட்டுவிட்டார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான். அன்று முதல் அவர் பரீட்சைக்குப் போகும் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் மனப்பாடம் செய்கிறார். காரில் போகும்போது முணுமுணுத்துக்கொண்டே வருவதாக அவருடைய டிரைவர் சொல்வார். எதைக் கேட்டாலும் பதில் இருக்க வேண்டும், அந்தப் பதில் உண்மையாகவும் இருக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை.

இந்தக் கேள்வியைக் கொடுத்திருந்த உறுப்பினருக்கு எங்கள் பிரிவில் ‘திருப்தி’ என்று பெயர். பதிலைக் கேட்டதும் எழுந்து “நன்றி, திருப்தி” என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். இதுவரை ஒரு துணைக் கேள்வி கூடக் கேட்டதில்லை. பரிசீலனையும் திருப்தியும் சந்தித்துக்கொண்டால் அவை அமைதியாக நடக்கும் என்பார்கள்.

எனக்கோ கேள்வி ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே, என்னவென்று கேட்டாள். சொன்னேன். அமைச்சர் என்ன பதில் சொல்லப் போகிறார் என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

“பரிசீலனைல இருக்கா? யாரு பரிசீலிக்கறா?”

தெரியாது என்றேன்.

“ஒரு லிஃப்ட இத்தன மாசமா பரிசீலிக்கறதுக்கு என்னடி இருக்கு? மேல போகும், கீழ வரும். வேற எங்கயாச்சும் போகுமா?”

நான் எழுதிக்கொள்ள ஆரம்பித்தேன். அக்கா அதைக் கவனித்துவிட்டாள். சாக்குக்கட்டியைக் கீழே வைத்தாள்.

“சரி, இதையும் எழுது. அந்த லிஃப்ட் கதவுக்கு முன்னாடி ஒரு பெரிய பூந்தொட்டிய வெச்சு மறைச்சிருக்காங்களே, அதுக்குத் தெனமும் தண்ணி ஊத்தறது யாரு? தண்ணி ஊத்த ஆள் இருக்கு, ரிப்பேர் பண்ண ஆள் இல்லயா? அந்த எடத்துலயே மேல போறது அந்தச் செடி ஒண்ணுதான்.”

அம்மா உள்ளேயிருந்து, மந்திரியிடம் இப்படியெல்லாம் கேட்டால் தங்கச்சியின் வேலை போய்விடும் என்றாள். ரெண்டு பேரும் சேர்ந்து பட்டன் தைக்கலாம் என்றாள் அக்கா. நான் எழுதுவதை நிறுத்தவில்லை. தாள் நிறைந்துவிட்டது.

கேள்வி எழுதியாயிற்று, இனி உண்மையான பதில் வேண்டும். மறுநாள் முழுக்கத் தொலைபேசியில் இருந்தேன். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்த்து, மறுபடி முதலாமவரிடம் போய் நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று கேட்டேன். என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால் இப்படிச் செய்வது வழக்கம். விஷயம் இதுதான்: பழுதான பாகத்துக்குப் பதில் புதுப் பாகம் எப்போதோ வந்துவிட்டது. நிலைய அதிகாரியின் அறையில் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. அவர் அதன் மேல் சாப்பாட்டுக் கூடையை வைக்கிறார். பொருத்துவதற்கு ஒரு நாள் போதும். யார் பொருத்துவது என்பதில்தான் சிக்கல். மின்பிரிவுப் பொறியாளரைக் கேட்டேன்.

“லிஃப்ட் இப்ப நிக்குதா, ஓடுதாம்மா?”

நிற்கிறது என்றேன்.

“நின்னா அது கட்டடம். ஓடினாத்தான் எங்களுது.”

கட்டடப் பிரிவைக் கேட்டேன். ரிப்பேர் செய்தால் ஓடுமா, ஓடாதா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். ஓடும் என்றேன். அப்படியானால் அது மின்சாரம்தான் என்று போனை வைத்துவிட்டார்கள். பூந்தொட்டி யாருடையது என்பதில் மட்டும் தகராறே இல்லை. அது தோட்டப் பிரிவு. அதற்கென்று தனி ஆள் இருந்தார்.

இதையெல்லாம் அப்படியே எழுதினேன். கடைசிக் கேள்வி, ‘எப்போது இயங்கும்?’ பதில், ‘இது எந்தப் பிரிவின் வேலை என்று அமைச்சர் ஆணையிட்டால், மறுநாளே.’ எழுதிய பிறகு அந்த வரியை அடித்தேன். உண்மையை அடித்துவிட்டோமே என்று மறுபடி எழுதினேன். பரிசீலனை சார் தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலைக் கல்லூரி வகுப்பில் எனக்கு முன் பெஞ்சில் திருப்தியின் உதவியாளர் உட்கார்ந்திருந்தார். அவரும் என்னைப் போல வேலை முடிந்து படிக்க வருகிறவர்தான். அவர் தோளைத் தட்டி, உங்கள் ஐயாவை எழுந்து ‘யார் பரிசீலிக்கிறார்கள்’ என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள் என்று சொன்னால் போதும். ஆனால் அமைச்சருக்குப் பதில் எழுதுகிறவள் உறுப்பினருக்குக் கேள்வி எழுதிக் கொடுப்பது முறையா? வகுப்பு முழுவதும் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தேன். மணி அடித்தபோது பென்சில் கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. உதவியாளர் போய்விட்டிருந்தார். நாட்குறிப்பில் அன்றைக்கு ‘சரியாக நடந்துகொண்டேன்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

அக்காவிடம், கேட்பார்களா மாட்டார்களா தெரியாது என்று மட்டும் சொன்னேன். மாதம் முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது.

கேள்வி நேரத்தில் நானும் பரிசீலனை சாரும் அதிகாரிகள் மாடத்தில் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தோம். அமைச்சர் எழுந்தார். முகம் கழுவி, தலை வாரி, பரீட்சைக்கு வந்தவர் மாதிரியே இருந்தார். “ஆம். பரிசீலனையில் உள்ளது” என்று வாசித்தார். திருப்தி எழுந்தார்.

“அமைச்சருக்கு நன்றி. திருப்தி.”

உட்கார்ந்தார். என் அக்காவின் வேலை அவரோடு சேர்ந்து உட்கார்ந்தது. சபாநாயகர் அடுத்த கேள்வியை அழைத்தார். பரிசீலனை சார் கோப்பை மூடினார்.

அமைச்சர் உட்காரவில்லை.

“உறுப்பினர் ஒரு துணைக் கேள்வியாவது கேட்பார்னு எதிர்பார்த்தேன்” என்றார்.

உறுப்பினர் பாதி எழுந்து, தனக்குத் திருப்தி என்று மறுபடியும் சொன்னார்.

“எப்படித் திருப்தி? நான்தான் ஒண்ணுமே சொல்லலையே!”

அவை சிரித்தது. அமைச்சர் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேதனை இருந்தது. விடிய விடியப் படித்தது கேள்வித்தாளில் வராதபோது எங்கள் வகுப்பில் எல்லோர் முகத்திலும் அதைப் பார்க்கலாம். கேட்காத கேள்விக்குப் பதில் தேவையில்லை என்று சபாநாயகர் சொல்லிப் பார்த்தார்.

“கேட்கலாமே, தலைவர் அவர்களே. உதாரணமா, யார் பரிசீலிக்கிறார்கள்னு உறுப்பினர் கேட்கலாம்” என்ற அமைச்சர், அதற்குப் பதிலும் சொன்னார். யாரும் பரிசீலிக்கவில்லை. இரண்டு பிரிவுகளும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. நின்றால் கட்டடம், ஓடினால் மின்சாரம். புதுப் பாகம் நிலைய அதிகாரியின் சாப்பாட்டுக் கூடைக்குக் கீழே இருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். அது பாராட்டு என்று எண்ணி அமைச்சர் இன்னும் உற்சாகமானார். “பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்றும் கேட்கலாம்” என்றார். வேறு யாரும் கேட்டுவிடுவதற்குள் அதற்கும் பதில் சொன்னார்.

பரிசீலனை சாருக்கு வியர்த்துவிட்டது. ஒரு துண்டுச் சீட்டில் ‘போதும், உட்காரவும்’ என்று எழுதிக் கொடுத்தனுப்பினார். அமைச்சர் வாங்கிப் படித்தார், நாலாக மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

“கடைசியா, எப்போது இயங்கும்? நான் ஆணையிட்ட மறுநாளே. இதோ ஆணையிடுறேன், மின்பிரிவு செய்யட்டும். நாளைக்கு இயங்கும்.” பிறகு திருப்தியைப் பார்த்து, “இப்பச் சொல்லுங்க, திருப்தியா?” என்றார்.

திருப்தி எழுந்தார். “பரிசீலிக்கிறேன்” என்று சொல்லி உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது பரிசீலனை சார் இழவு வீட்டுக்குப் போய் வருகிறவர் மாதிரி நடந்தார். ‘பரிசீலனை’ என்றால் அது காற்றோடு போகும். ‘நாளைக்கு’ என்றால் அது உறுதிமொழி. அவையில் கொடுத்த உறுதிமொழியைத் துரத்துவதற்கென்றே உறுப்பினர்கள் குழு ஒன்று இருக்கிறது. அது பிடித்தால் விடாது. மறுநாள் லிஃப்ட் ஓடாவிட்டால் அமைச்சர் அந்தக் குழுவுக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்கும். அவருக்குப் பின்னால் நாங்கள். அன்று பொழுது சாயும்வரை மின்பிரிவுக்குத் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்தவர் பரிசீலனை சார்தான்.

என் வேலை போய்விட்டதா என்று நானே போய்க் கேட்டேன்.

“நீ எழுதினதுல ஒரு தப்பும் இல்லம்மா” என்றார். “அதான் தப்பு.”

சொன்னபடி மறுநாளே லிஃப்ட் ஓடியது. அந்தப் பூந்தொட்டியை மட்டும் வேறு இடத்துக்குக் கொண்டுபோக மாட்டோம் என்று மின்பிரிவினர் சொல்லிவிட்டார்கள். அது தோட்டப் பிரிவின் சொத்தாம். கதவுக்கு முன்னாலிருந்து நகர்த்தி, லிஃப்டுக்கு உள்ளேயே ஒரு மூலையில் வைத்துவிட்டார்கள். செடி இப்போது நிஜமாகவே மேலே போய்க் கீழே வருகிறது. தண்ணீர் ஊற்றுகிறவர் வாளியோடு கூடவே போய் வருகிறார்.

அடுத்த நாள் காலை நான் மேசையில் வந்து உட்காருவதற்கு முன்பே அக்காவிடமிருந்து அழைப்பு. ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறிப்போய் எடுத்தேன்.

“வந்து சேந்துட்டேண்டி. கட வாசல்ல நிக்கறேன்.”

“அப்புறம் என்னக்கா?”

“கட பூட்டிக் கெடக்கு. முதலாளி இன்னும் வரல. மிஷின்காரங்கல்லாம் என்கூட நிக்கறாங்க.” அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது. “ஒண்ணு எழுதிக்கோ. நான் லேட்டா வந்தா அவரு கேக்கறாரு. அவரு லேட்டா வந்தா யாரு கேக்கறது?”

தகவல் திரட்டப்பட்டு வருகிறது என்றேன். சொன்ன பிறகுதான் பயமாக இருந்தது. பக்கத்து மேசையில் பரிசீலனை சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததே இல்லை.

போனை வைத்துவிட்டு, அக்காவின் கேள்வியைத் தனித் தாளில் எழுதிக்கொண்டேன்.