உட்கார்ந்து செய்கிற வேலை

...ஒரு பெயரைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதானே, மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் தொழிற்சங்கத்து டெல்பர்ட்டிடம் ஒரே ஒரு பெயர், அதற்குப் போய் ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தோமே என்று வெர்னா நினைத்தாள், அந்தப் பெயருக்குரியவளின் காரில் உட்கார்ந்துகொண்டுதான் நினைத்தாள், காலடியில் ஹீட்டர் சூடு, கையில் ட்வைலா வாங்கி வைத்திருந்த காபி, வெர்னாவுக்குப் பிடித்த அளவு சர்க்கரை போட்டு, கேட்காமலே. ராக்ஃபோர்டில் பனி இன்னும் விட்டபாடில்லை. தொழிற்சாலையில் வெர்னா வேலை பார்க்கும் பிரிவை மூடுகிறார்கள், மூடட்டும், இந்த ஊரில் எத்தனையோ மூடியாகிவிட்டது, ஆனால் சங்கத்து விதி ஒன்று இருக்கிறதே, வேலை போன மூத்தவள் தனக்குப் பின்னால் சேர்ந்த யாருடைய இடத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், தப்பே இல்லை, அதற்காகத்தானே ஒரு காலத்தில் இதே பனியில் வாசலில் நின்று மறியல் செய்தோம்... சரி, யாருடைய இடத்தை? இந்த இடுப்பை வைத்துக்கொண்டு பளு தூக்க முடியுமா? உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றே ஒன்று, தண்ணீர்க் குழாய்களை விளக்கடியில் திருப்பித் திருப்பிக் கீறல் பார்க்கிற மேசை, அங்கே இருப்பவள் ட்வைலா. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் யாரும் இல்லை, யார் இடத்தையும் அவள் கேட்க முடியாது, நேரே வீட்டுக்குத்தான் போக வேண்டும், மூச்சு இயந்திரத்தோடு படுத்திருக்கும் புருஷனிடம், அவனுடைய மருத்துவக் காப்பீடும் வேலையோடு சேர்ந்து போய்விடும்.

வேறு வேலை தேடிக்கொள்வாள், இளையவள்தானே... என்ன இளையவள், ஐம்பதைத் தாண்டியவளை யார் கூப்பிடுவார்கள்? எனக்கு மட்டும் என்ன வாழ்கிறது, காப்பீடு போனால் இந்த இடுப்புக்கு ஊசி யார் போடுவார்கள்? கோபமாக வந்தது, டெல்பர்ட் மேலா, முதலாளி மேலா, இல்லை, இவ்வளவு நல்லவளாக இருந்து தொலைக்கிற ட்வைலா மேல்தான், ச்சே, இது கோபம்கூட இல்லை, அலுப்பு, வெறும் அலுப்பு. இப்போதே சொல்லிவிடலாமா, ஆற்றுப் பாலம் வருவதற்குள்? பாலம் வந்தது, போனது, காபி ஆறிப்போனது. அப்போதுதான் ட்வைலா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“நாற்காலில என் குஷன அப்படியே விட்டுட்டு வந்திருக்கேன்டி. வெறும் இரும்பு அது, உன் இடுப்பு தாங்காது.”

“எந்த நாற்காலி?”

“தெரியாத மாதிரி கேக்காத, வெர்னா.”

டெல்பர்ட் சொல்லியிருப்பானா, அவனிடம்தான் இன்னும் வாயே திறக்கவில்லையே, நானே இன்னும் முடிவு பண்ணவில்லையே... பண்ணவில்லையா? நேற்றுச் சாயங்காலமே குஷனை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்றால், எனக்கு முன்னால் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. இல்லை, உன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிடலாம், ஒரு வாக்கியம்தான், அதற்குப் பதில் ஆறின காபியை ஒரு வாய் குடித்தாள். ட்வைலா எப்போதும்போல அவளை அதிகம் நடக்கவிடாமல் வாசலை ஒட்டியே காரை நிறுத்தினாள். கதவைத் திறந்து ஒரு காலைப் பனியில் ஊன்றிய வெர்னாவுக்கு முதலில் வந்த நினைப்பு ட்வைலாவின் புருஷனைப் பற்றியது அல்ல, நாளைக்கு யார் காரில் வேலைக்கு வருவது என்பதுதான், அதை நினைத்துவிட்ட பிறகு மற்றக் காலை எடுத்து வைக்க அவளால் உடனே முடியவில்லை.