மூடப்படாத சோளக்குழி

கறுப்புக் கவுனை முழங்காலுக்கு மேல் சுருட்டிச் செருகிக்கொண்டு நெவென்கா டிராக்டரைப் பின்னுக்கு எடுத்தாள். மாடுகளின் பனிக்காலத் தீவனத்துக்காகக் குழியில் கொட்டியிருந்த நறுக்கிய மக்காச்சோளம் சக்கரங்களுக்குக் கீழே அமுங்கியது. நேற்று மாலை இதே இருக்கையில்தான், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அப்பா ஒப்ரென் ஸ்டியரிங்கில் தலை சாய்ந்து கிடந்தார். இப்போது முன்னறையில், பெட்டிக்குள். அடக்கம் இரண்டு மணிக்கு.

"இறங்குடி!" நோவி சாத் நகரத்திலிருந்து வந்திருந்த அண்ணன் மிலோராட் கத்தினான். "அப்பாவ உள்ள வச்சுக்கிட்டு என்ன பண்ற? ஊரு காறித் துப்பும்!"

"மேற்கால பாருண்ணே, எப்படிக் கறுத்து வருதுன்னு. இதுல மழ இறங்கினா அத்தனையும் பூசணம். நாப்பது மாடு. பனிக்காலம் முச்சூடும் நீ அங்கருந்து ரொட்டி அனுப்புவியா?"

மிலோராட் மேற்கே பார்த்தான். கோட்டைக் கழற்றி வேலியில் போட்டான். குழியை மூட வைத்திருந்த பாலிதீன் சுருளின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தான். காற்றில் தாள் உப்பித் தூக்கி அவனை மல்லாக்கத் தள்ளியது.

துக்கத்துக்கு வந்து முற்றத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"காத்துக்கு எதிர நின்னா புடிப்பாங்க, பட்டணத்தான்?" பக்கத்துப் பண்ணை ஜீவ்கோ மாமா பூங்கொத்தை வேலியில் செருகிவிட்டு ஓடி வந்தார். "சும்மா நிக்காதீங்கய்யா! புடிங்க!"

அவ்வளவுதான். பெட்டி தூக்க வந்த நால்வரும் நான்கு மூலைக்குப் பாய்ந்தார்கள். பாதிரியார் அங்கியை இடுப்பில் முடிந்துகொண்டு, தாளின் மேல் பாரம் வைக்கப் பழைய டயர்களை உருட்டினார். பெண்கள் ஓரத்தில் மண் அள்ளிப் போட்டார்கள்.

"இந்தப் பக்கம் தூக்குது!"

"ஏறி மிதி! உள்ள காத்து நிக்கக் கூடாது!"

"சாமி, உங்க டயரு ஓடுது, புடிங்க!"

இடி உருண்டது. நெவென்கா டிராக்டரிலிருந்து குதித்து, தாளின் மேல் குப்புற விழுந்து, இரு கைகளாலும் அழுத்தினாள். மூச்சு வாங்க வாங்கச் சிரிப்பு வந்தது; சத்தமாகவே சிரித்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

கடைசி டயர் விழுந்தபோது முதல் துளி தாளில் 'டப்'பென்று தெறித்தது. எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். பாதிரியாரும்தான். ஜீவ்கோ மாமா தொப்பியை வானத்தில் வீசினார்.

அப்போது கோயில் மணி அடித்தது.

சத்தம் அடங்கிற்று. ஆண்கள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். யாரோ நெவென்காவிடம் அவளுடைய கறுப்புத் தலைத்துணியை எடுத்துக் கொடுத்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் மழை வலுத்தது. பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. நின்ற அத்தனை பேரின் கறுப்பு உடுப்பிலும் பச்சையும் மஞ்சளுமாகச் சோளத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. தங்கையின் தோளில் இருந்த ஒன்றைத் தட்டிவிட மிலோராட் கையை நீட்டினான். பிறகு அதைத் தட்டாமல் விட்டு, குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.