பதினேழு அடி தள்ளி விழுந்த மின்னல்

2022 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, கண்டிக்குப் பக்கத்திலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் மின், கணினிப் பொறியியல் துறையில் விழுந்த மின்னல் அணையவில்லை. ஆய்வுகூடத்தின் கூரைக்கும் தரைக்கும் நடுவே கமுக மரத்தின் பருமனில், நீலம் கலந்த வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. கூரையில் ஓட்டை இல்லை, தரையில் கரி இல்லை. அருகில் கொண்டுபோன கடதாசி எரியவில்லை. மீற்றர்கள் பூச்சியம் காட்டின. அது மின்வெட்டுக் காலம். மற்றப் பீடங்களின் மாணவர்களும் பாயைக் கொண்டுவந்து விரித்து அந்த வெளிச்சத்தில் படித்தார்கள். இறுதியாண்டுப் பரீட்சை அங்கேயே நடந்தது. கொழும்பிலிருந்து வந்த மூன்று பேர் கொண்ட குழு மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, தொடர்ந்து அவதானிக்கவும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது.

மின்னல் விழுந்த இடத்தில் அதற்கு அரை நிமிடம் முன்புவரை நின்றவர் லாபிர். ஐம்பத்து நான்கு வயது, அம்பிட்டியவில் வீடு, அந்த ஆய்வுகூடத்தில் இருபத்தாறு வருடங்களாகத் தொழில்நுட்ப உத்தியோகத்தர். பியூஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது மகள் ஜஹானா போன் எடுத்தாள். "வாப்பா, கேஸ் சிலிண்டர் வந்தீக்கி. உம்மா கியூவுல நிக்கிறா" என்றாள். சரியாகக் கேட்கவில்லை. லாபிர் சிக்னலுக்காக ஜன்னலோரம் போனார். திரும்பிப் பார்த்தபோது அவர் நின்ற இடத்தில் மின்னல் நின்றது. பிறகு அளந்து பார்த்தார்கள், பதினேழு அடி. அல்லாஹ் காப்பாற்றினான் என்று ரமழானில் பள்ளிவாசலுக்கு இரண்டு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்தார்.

மின்னல் நகர்கிறது என்பதைக் கண்டுபிடித்தவள் சுபாஜினி. கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் போதனாசிரியை. காலையில் வந்ததும் மின்னலின் அடியைச் சுற்றிச் சோக்கால் கோடு போடுவாள். ஒரு மாதக் கோடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் வீதம், லாபிரின் மேசையை நோக்கி வந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் ஆள் வைத்து மேசையை எதிர்மூலைக்கு மாற்றினாள். அடுத்த வாரம் கோடுகள் வளைந்து எதிர்மூலைக்குத் திரும்பின.

"சேர், அது ஒங்களப் பாத்துத்தாங்க வருது" என்றாள்.

லாபிர் கோடுகளைக் குனிந்து பார்த்தார். "எனக்கு வந்ததுதானே புள்ள. நான்தானே தள்ளிப் போன" என்றார்.

துறைத்தலைவர் பேராசிரியர் ஸ்ரீதரன் யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பது வருடம் மின்சாரம் படிப்பித்தவர். அன்றே லாபிருக்குக் காலவரையின்றி லீவு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அதுவரை மின்னல் இரவுகளிலும் ஞாயிறுகளிலும் நின்ற இடத்தில் நின்று பொறுத்திருந்தது. இப்போது பொறுக்கவில்லை. லீவின் இரண்டாம் நாள் ஓரடி நகர்ந்தது. மூன்றாம் நாள் மூன்றடி. நான்காம் நாள் லாபிரின் வீடு இருந்த அம்பிட்டியப் பக்கத்துச் சுவருக்குள் நுழைந்தது. சுவர் விழவில்லை, சாம்பல் நிறமாகி, தொட்ட இடம் மாவாக உதிர்ந்தது. வெளியே மாமரத்தில் தொங்கிய வௌவால்கள் அத்தனையும் புல்லில் கிடந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் கணினிக்கு முன்னால் இருந்த மூன்றாம் வருட மாணவன் யுகேஷுக்கு இடது கை தோளிலிருந்து மரத்துப்போனது. இதுவரை அந்தக் கைக்கு உணர்வு திரும்பவில்லை.

அன்று மாலை ஸ்ரீதரன் போன் எடுத்தார். "லாபிர், கேக்கக்கூடாததைத்தான் கேக்கிறன்" என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

"யாருக்காச்சும் பட்டிச்சா சேர்?"

"ஓம். ஒரு பெடியனுக்கு. உயிருக்கு ஒண்டுமில்லை. கைதான்."

"நாளைக்கு வாறேன்."

கேட்டுக்கொண்டிருந்த மனைவி ருக்கியா அடுப்பை அணைத்தாள். "வேற ஆளப் போட ஏலாதா அவங்களுக்கு?"

"போடலாம். அந்த ஆளத் தாண்டித்தான் அது என்னத் தேடி வரும்."

ருக்கியா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றுப் பார்சலில் ஒரு முட்டைக்குப் பதில் இரண்டு வைத்தாள்.

லாபிர் திரும்பிய காலையே மின்னல் சுவரை விட்டு உள்ளே வந்து பழையபடி ஐந்து மில்லிமீட்டர் நடையைப் பிடித்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை. போயா விடுமுறைகளிலும் பெருநாளிலும் தொழுகை முடித்து ஒரு மணி நேரமாவது வந்து மேசையில் இருப்பார். காய்ச்சலிலும் வந்தார். இடையில் ஜனாதிபதி மாறினார், மின்வெட்டு நின்றது, படிக்க வந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். புதிய மாணவர்களுக்கு அது முதல் நாளே காட்டப்படும் சாமான்களில் ஒன்றானது. சுபாஜினி கணக்குப் போட்டு, அது அவரை எட்டுவது 2025 பெப்ரவரி, இரண்டாம் வாரம் என்று கண்டாள். அவரிடம் சொல்வதா விடுவதா என்று ஒரு மாதம் தூக்கமில்லாமல் திரிந்தாள். சொன்னபோது லாபிர் நன்றி சொன்னார், ஜஹானாவின் கல்யாணத்தை அதற்கு முந்திய நவம்பருக்கு மாற்றினார். ஸ்ரீதரன் கல்யாணத்துக்கு வந்து, பிரியாணியில் கை வைத்தபடி அப்படியே இருந்துவிட்டு எழுந்து போனார்.

பெப்ரவரி பதின்மூன்று வியாழக்கிழமை, மின்னல் மேசைக்காலைத் தொட்டது. லாபிர் மாணவர்களை வெளியே அனுப்பச் சொன்னார். சுபாஜினி எல்லோரையும் அனுப்பிவிட்டுத் தான் கதவடியிலேயே நின்றாள்.

"நீயும் போ புள்ள."

"போக மாட்டேங்க. மூணு வருசமா அளந்தது நானு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கதிரையை விட்டு எழுந்தார். மிச்சமிருந்த ஓர் எட்டைத் தானே வைத்தார். மின்னல் உச்சந்தலையால் அவருக்குள் இறங்கியது, பாயைச் சுருட்டுவதுபோல மேலிருந்து கீழாக. ஆய்வுகூடம் இருண்டது. சுபாஜினி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இருட்டுக்குள்ளிருந்து லாபிரின் குரல் வந்தது.

"சூடில்ல. லைட்டப் போடு."

அன்றும் நாலரை பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனார். ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தார்கள். இதயம், இரத்தம், ஈரல் எதிலும் குறையில்லை. ஜஹானா புருஷனோடு வந்து மூன்று நாள் நின்றாள். வீடு முழுவதும் ஆட்களும் இனிப்பு வட்டிலப்பமும். நான்காம் நாள், எல்லோரும் போன பிறகு, ருக்கியா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அன்டைக்கு இடி கேட்டிச்சா?"

லாபிர் யோசித்தார். மறுநாள் துறையில் விசாரித்தார். யாரும் இடி கேட்டிருக்கவில்லை, 2022இலும் இல்லை, பதின்மூன்றாம் திகதியும் இல்லை. ஸ்ரீதரன் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "அப்ப இடி இன்னும் வரவேணும்" என்றார்.

ருக்கியா கண்ணாடிச் சாமான்களைப் பழைய சாரனில் சுற்றி அலுமாரிக்கு அடியில் வைத்தாள். அம்பிட்டியவில் லாபிரின் ஒழுங்கையிலுள்ள வீடுகள் ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றிப் பலகை அடித்தன. பக்கத்துப் பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் காதைப் பொத்திக் குனிந்து உட்காரப் பழக்குகிறார்கள். லாபிரின் நெஞ்சில் காது வைத்தால், கலஹா மலைக்கு அப்பால் உருளுவது போல ஏதோ கேட்கிறது என்கிறாள் ருக்கியா. ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கிட்டத்தில் கேட்கிறதாம்.

அவர் வேலைக்குப் போய்வருகிறார். முதலில் பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை, நின்றே போனார்கள். ஒக்டோபரில் மழை பிடித்தது, பஸ்கள் குறைந்தன, கூட்டம் நெருக்கியது. இப்போது உட்காருகிறார்கள். சிலர் அவர் தோளில் சாய்ந்து தூங்கியும் போகிறார்கள்.