முள்ளுக்கு முந்தைய இலை

இது குளோவர் இல்லை. இரண்டு மாதமாக நான் முள்ளுக்குக் காவல் இருந்திருக்கிறேன்.

மிங்கா என்னும் கூட்டு வேலைக்கு வந்த பதினோரு பேரும் மேட்டில் புதர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒதிலியா மட்டும் கரிந்த அடிக்கட்டைகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சீலோயே தீவில் கூலிக்கு ஆள் பிடிப்பதில்லை. கேட்டுக்கொண்டால் அக்கம்பக்கம் கூடி வரும். கேட்டவள் வயிறார உணவு போட வேண்டும், நாளை அவர்கள் கேட்டால் போய் நிற்க வேண்டும். இருபது வருடம் நகரத்து மீன் தொழிற்சாலையில் நின்று, வாடகை அறைகளில் படுத்து, இந்தக் குளிர்காலத்தில்தான் இந்த மரவீட்டை வாங்கியிருந்தாள். தனக்கென்று ஒரு உருளைக்கிழங்குப் பாத்தி. அதற்குத்தான் இத்தனையும்.

வந்த புதிதில் மஞ்சள் பூத்த அந்தப் புதர்களை அவளுக்குப் பிடித்திருந்தது. வெயில் பட்டால் துருவிய தேங்காய் போல மணக்கும். பிறகுதான் முள் தெரிந்தது, வேலி தாண்டி அது பாதி நிலத்தைத் தின்றிருப்பதும் தெரிந்தது. ஆனால் கரிந்த இடத்தில் மும்மூன்றாக விரிந்திருந்த மெல்லிய இலைகளை அவள் குளோவர் என்ற ஆட்டுத்தீவனம் என நம்பி, மிதிபடாமல் கயிறு கட்டி வைத்தாள். இன்று அந்த மெல்லிய தளிரின் நடுவிலிருந்து அந்தப் புதரின் இளமுள் அவள் விரலைக் குத்தியது.

"என்னடி மீன்காரி, உக்காந்தே வேலைய முடிச்சிடலாம்னு பாக்குறியா?" பக்கத்து வீட்டு பெலார்மினா அரிவாளோடு வந்து நின்றாள்.

"இதப் பாருங்கக்கா. உங்க ஆட்டுக்குன்னு காப்பாத்தி வச்சிருந்தேன்."

பெலார்மினா குனிந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நாங்களும் ஒரு வருசம் இப்படித்தான் ஏமாந்தோம். ஆடு வாய வச்சுப் பாத்துட்டு எங்களத்தான் மொறைச்சுது."

ஒதிலியாவும் சிரித்தாள். ஆனால் கண் கயிற்றிலேயே இருந்தது. கயிற்றுக்கு வெளியே அந்த நாற்று அங்கொன்று இங்கொன்று. உள்ளே விரல் வைக்க இடமில்லை. போன கோடையில் பழைய சொந்தக்காரர் புதரைக் குவித்துக் கொளுத்திய இடம் இதுதான். மண்ணுக்குள் உறங்கிய விதைகளை அந்தச் சூடுதான் தட்டி எழுப்பியிருக்கிறது. சொல்லிக்கொடுக்க யாருமில்லாமல் தானாக ஒன்றைக் கண்டுபிடித்தது அவளுக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது.

மாலைக்குள் வெட்டியதெல்லாம் வீட்டு உயரத்துக்குக் குவிந்தது. வேர்களைக் காளை பூட்டி இழுத்துப்போட்ட பெரியவர் தோன் எலியேசர் டீசல் டப்பாவை இறக்கி வைத்து, அவளிடம் தீப்பெட்டியை நீட்டினார். காடு வெட்டினால் கடைசியில் வீட்டுக்காரி கையால் தீ வைப்பது இங்கே வழக்கம். எல்லோரும் கைகளைத் துடைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். திங்கட்கிழமை அவர் உழுது தருவதாகச் சொல்லியிருந்தார். ஊரில் வேறு காளை கிடையாது.

"வைம்மா. புது வீடு, உன் கை பட்டா நல்லது."

வாங்கிப் பற்றவைத்தால் இவர்களில் ஒருத்தி ஆகிவிடலாம். இந்த நிலம் மட்டும் மறுபடி முள்ளுக்குப் போகும்.

"வேணாங்க."

"அப்ப இந்த மலைய என்ன பண்றதாம்?"

"கெடக்கட்டும். மக்கட்டும். கீழ மொளைக்கிறத நான் கையால புடுங்கிக்கிறேன்."

"எங்கப்பா காலத்துலேர்ந்து கொளுத்திட்டுத்தாம்மா இருக்கோம்."

"அதான் உன் நெலத்துல முள்ளுக்குப் பஞ்சமே இல்ல," என்றாள் பெலார்மினா. இரண்டு பேர் சிரித்தார்கள். தோன் எலியேசர் சிரிக்கவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

ஒதிலியா தீப்பெட்டியை வாங்கி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். "அடுப்புக்கு ஆச்சு. உள்ள வாங்க, கெழங்கு அடை ஆறிடும்."

மற்றவர்கள் நடந்தார்கள். வாசலில் அவள் திரும்பிப் பார்த்தாள். காளைகளின் நுகத்தடி இன்னும் அவிழ்க்கப்படவில்லை. தோன் எலியேசர் கயிற்றைத் தாண்டி உள்ளே போய், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, ஒரு நாற்றைப் பிடுங்கினார். அதன் வெள்ளை வேர் இலையைவிட நீளமாக வந்துகொண்டே இருந்தது.