ஐந்தாவது தட்டு

1

இந்தக் கதை ஒரு துண்டுப்பிரசுரமாகத்தான் பிறந்தது. 'புற்றுநோய்ச் சிகிச்சையின்போதும் பின்பும் உடற்பயிற்சியின் நன்மைகள்' என்று நான்கு பக்கம் எழுதித் தரும்படி என் மனைவியின் பிசியோதெரபிஸ்ட் கேட்டார். ஒத்துக்கொண்டேன். எனக்குப் புத்திமதி எழுத வராது என்பதை மட்டும் சொல்லவில்லை. மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

அ) உடற்பயிற்சி என்பது உடலுக்கு (இதற்கு மேல் பேனா நகரவில்லை.)

ஆ) அவள் ஒரு போராளி. (அடித்துவிட்டேன். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்.)

இ) எங்கள் வீட்டில் எல்லாப் பொருளும் இடுப்பு உயரத்துக்கு இறங்கியது என்னால்தான்.

மூன்றாவது உண்மை. அதையே வைத்துக்கொள்கிறேன்.

2

மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. நான் சும்மா இருப்பேனா? சர்க்கரை டப்பா, சீப்பு, துண்டு, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் கீழே இறக்கினேன். கதவின் மேல்தாழ்ப்பாளை நானே போட்டேன். கீமோ நாட்களில் அவள் எழுந்தாலே "படுத்துக்கோ" என்றேன். சோர்வு கூடியது, தோள் இறுகியது. நானோ என்னை நல்ல கணவன் என்று மெச்சிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிசியோ சுற்றும் முற்றும் பார்த்தார்.

"யாரு சார் இதெல்லாம் கீழ வச்சது?"

"நான்தான்."

"பழைய இடத்துலயே வைங்க. அவங்க டாக்டர்கிட்ட பேசிட்டேன். தினமும் கொஞ்சம் நடக்கட்டும். படுத்தே கிடந்தா அசதி கூடத்தான் செய்யும்."

(அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது: நான் நம்பவில்லை. களைத்துக் கிடப்பவளை நடக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று முனகினேன். முதல் நாள் தெருவில் பத்து நிமிடம் நடந்தாள். மூன்றாவது வாரம் என்னுடன் சண்டை போட்டாள். சண்டைக்குத் தெம்பு வந்ததை நன்மைகளின் பட்டியலில் முதலில் சேர்த்தேன்.)

3

கைக்கான பயிற்சி இது: சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும். எட்டிய இடத்தில் ஒரு பென்சில் கோடு. முதல் கோடு சுவிட்ச்போர்டு பக்கத்தில் விழுந்தது. அடுத்து நான் எழுதியது: 'மூன்று மாதத்தில் கை நன்றாக உயர்ந்தது.'

அவள் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

"இதுல கையத் தூக்கினது நீங்க. நான் இல்ல."

"கதைதானே."

"கதையிலயும் எல்லாத்தையும் கீழ இறக்கி வச்சா எப்படிங்க?"

சுருக்கென்றது. வாக்கியத்தை அடித்தேன். அந்த மூன்று மாதத்தில் பதினாறு கோடுகள் இருந்தன. அவற்றில் இரண்டு, முந்தைய கோட்டுக்குக் கீழே. அந்த இரண்டு நாளும் அவள் குளியலறையில் அழுதாள், நான் வெளியே நின்று பயந்தேன். பிசியோ கோட்டுக்குப் பக்கத்தில் தேதியை மட்டும் எழுதினார்.

4

திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். கடையில் மருந்து அடுக்கும் தட்டுகள் ஐந்து. "நாற்காலி போட்டுத் தரேம்மா, பில் மட்டும் போடு" என்கிறார் முதலாளி. நல்ல மனிதர், என் ரகம்.

"ஒருதடவ உக்காந்துட்டா அப்புறம் எழுந்திரிக்கவே விடமாட்டாங்க" என்கிறாள் இவள். ஐந்தாவது தட்டு எட்டினால் பழைய வேலை, எட்டாவிட்டால் நாற்காலி என்று அவளாகவே முடிவுகட்டிவிட்டாள்.

நான் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் எட்டுகிறது. மற்றதில் [இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதினேன்] எட்டவில்லை. அவள் இரண்டையும் வாங்கி மடித்து, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு என்னிடமே நீட்டினாள்.

"அலமாரி மேல வைங்க. சரியா அஞ்சாவது தட்டு உயரம். எது வேணுமோ அத நானே எடுத்துக்குறேன்."

5

இப்போது அலமாரி முன்னால் நிற்கிறாள். குதிகாலைத் தூக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். விரல்கள் மரக்கதவில் ஏறுகின்றன. தோளில் வலி பிடிக்கிறது என்பது கழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நான் பாதி எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க" என்கிறாள், திரும்பாமலே.

உட்கார்ந்தேன். விரலுக்கும் டப்பாவுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி அளவு இடைவெளி இருக்கிறது. இந்தப் பத்தியை முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளப் போகிறேன். இல்லாவிட்டால் அவை டப்பாவைத் தேடிப் போய்விடும், என்னை எனக்குத் தெரியும். ஆகவே இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. உங்களுக்கும் இதை அவளுக்காக முடித்துக்கொடுக்கத் தோன்றும். தயவுசெய்து நீங்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அவளே எடுக்கட்டும்.